உயிரேடு படித்த அம்மையார்

இலக்கியத்துக்கென ஒதுக்கிய பக்கத்தில் விஞ்ஞானியொருவரின் சரிதம் எதற்கு என வினவுவார் சிலர் இருத்தல் கூடும். தமிழ் கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட யான் இதனை எழுதப் புகுந்தமைக்குக் காரணமுண்டு. உயிரியல் கற்பிக்கும் நண்பரொருவர் ஓய்வு நேரமொன்றிலே கரும்பலகையில் நான்கு எழுத்துக்களை எழுதி, உலகத்து உயிர்களின் உடலெல்லாம் இந்நான்கெழுத்தினால் எழுதப்பட்டவை என்றும், மூன்றெழுத்துச் சேர்ந்தது ஒரு சொல்லென்றும், அவ்வாறாய 64 சொற்களுள் 61 சொற்கள் பொருள் தருவன, எஞ்சிய மூன்றும் தொடரை முடித்து வைப்பன என்றும் விளக்கினார். எழுத்து, சொல், பொருள் என்னும் பகுப்பிலே ஊறிய எனக்கு அது பெருவியப்பாயிற்று. அந்த ஏட்டின் வடிவை முதன்முதற் கண்டு சொன்னவர் யாவர் என்றேன். அவர் இருவர் பெயரைச் சொன்னார். சற்றே தயங்கி ஒரு பெண்ணின் பெயரையுஞ் சொன்னார். அத்தயக்கமே அவ்வம்மையாரின் வரலாற்றை என்னைத் தேடிப் படிக்கச் செய்தது.

றோசலின்ட் பிராங்கிளின் 1920ஆம் ஆண்டு யூலை மாதம் 25ஆந் திகதி இலண்டன் மாநகரிலே பிறந்தார். தந்தையார் எல்லிஸ் பிராங்கிளின் வங்கித் தொழிலில் ஈடுபட்ட செல்வர், தாயார் மூரியல். குடும்பம் நெடுங்காலமாக இங்கிலாந்தில் வேரூன்றிய யூதக் குடும்பம். தந்தையார் பகலில் வங்கியிலிருந்து, மாலையிலே தொழிலாளர் கல்லூரியிற் சம்பளமின்றிக் கற்பித்தவர். கிற்லரின் கொடுமைக்குத் தப்பி ஓடிவந்த யூதக் குழந்தைகளுக்குத் தம் வீட்டில் இடமும் அளித்தவர். ஐந்து பிள்ளைகளுள் இரண்டாமவராகிய றோசலின்ட், பெண்களுக்கு இரசாயனமும் பௌதிகமும் செவ்வனே கற்பித்த சென் போல்ஸ் பெண்கள் பாடசாலையிற் பயின்று, 1938இல் கேம்பிரிட்ஜிலுள்ள நியூனம் கல்லூரிக்குச் சென்றார். 1941இல் இறுதிப் பரீட்சையிற் சித்தியெய்தினார். சித்தியெய்தினார் என்றேனேயன்றிப் பட்டம் பெற்றார் என்றேனல்லேன். அப்பல்கலைக்கழகம் ஆடவர்க்கு வழங்கிய முழுமையான பட்டத்தைப் பெண்களுக்கு வழங்க 1948ஆம் ஆண்டுவரை உடன்படவில்லை. அதற்குமுன் அவர்களுக்குக் கிடைத்தது பெயரளவிலான பட்டமே. அதே பரீட்சையை அதே வினாத்தாளில் எழுதியவர்களுக்கு இந்நீதி!

யுத்தகாலத்தில் அவருக்கு வாய்த்த வேலை நிலக்கரியை ஆராய்வது. கரித்துண்டில் என்ன அழகு கண்டுவிட முடியும் என்று நாம் நினைப்போம். அவரோ கரியினுள்ளே கண்ணுக்குப் புலனாகா நுண்டுளைகள் எவ்வாறு அமைந்துள்ளன, வாயுக்களை அவை எவ்வாறு ஏற்கின்றன, எவ்வாறு தடுக்கின்றன என்பதைப் பல ஆண்டு அளந்தார். நச்சுவாயுத் தடுப்பு முகமூடிகளுக்கும் பயன்படத்தக்க அறிவு அது. அவ்வாராய்ச்சிக்கே 1945இற் கலாநிதிப் பட்டம் கிடைத்தது. 1947இற் பாரிஸ் நகரிலுள்ள அரசாங்க இரசாயன ஆய்வுகூடத்துக்குச் சென்று, யாக் மெறிங் என்பாரிடம் எக்ஸ் கதிரைக் கொண்டு பொருள்களின் உள்ளமைப்பைப் படிக்குங் கலையைக் கற்றார். பாரிஸிற் கழிந்த நான்கு ஆண்டுகளே அவர் வாழ்வின் இனிய காலம் என்று அவரை அறிந்தோர் கூறுவர். பிரெஞ்சு மொழியைச் சரளமாகப் பேசினார்; நண்பர்களோடு அல்ப்ஸ் மலைகளில் ஏறினார்; ஆய்வுகூடத்திலே ஆடவரும் பெண்டிரும் ஒரே மேசையிலிருந்து உண்டு உரக்க வாதாடினர். சூடாக்கினாற் பென்சிற்கரியாக மாறுங் கரி, எவ்வளவு சூடாக்கினும் மாறாத கரி என இருவகை உண்டென்று பிரித்துக் காட்டிய அவருடைய கட்டுரை அத்துறையினரால் நெடுங்காலம் போற்றப்பட்டது.

இனி வருவதே எல்லோரும் அறிந்த பகுதி. ஆயினும் பலர் பிழையாக அறிந்த பகுதி.

1951 சனவரியில் அவர் இலண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு வந்தார். அங்கே தலைவராயிருந்த யோன் றண்டால், டி.என்.ஏ. என்னும் பொருளை எக்ஸ் கதிரால் ஆராயும் பணியில் அவரும் றேமண்ட் கொஸ்லிங் என்னும் மாணவருமே ஈடுபடுவர் என்று முன்னரே கடிதம் எழுதியிருந்தார். அப்பணியை அங்கு ஏற்கெனவே செய்துகொண்டிருந்த மோறிஸ் வில்கின்ஸ் அக்கடிதத்தைப் பற்றி ஒன்றும் அறியார். அம்மையார் வந்தபோது அவர் விடுமுறையிலும் இருந்தார். திரும்பி வந்த அவர் தமக்கு உதவியாளர் ஒருவர் வந்திருப்பதாக எண்ணினார். அம்மையாரோ தமக்கெனத் தனித்துறை தரப்பட்டதாக எண்ணினார். இருவரும் தத்தம் நிலையிற் குற்றமற்றவரே. தலைவர் ஒருவர் ஒருவருக்குச் சொன்னதை மற்றவருக்குச் சொல்லாது விட்டமையால் விளைந்த கேடு இது. பாடசாலைகளில் ஆண்டுதோறும் நேர சூசி வழங்கப்படும்பொழுது இதன் சிறுவடிவத்தை ஆசிரியர்கள் கண்டிருப்பர். வில்கின்ஸ் அமைதியானவர், முகம் பார்த்துப் பேசக் கூசுபவர். அம்மையார் வாதத்தில் விரைவும் கூர்மையும் உடையவர். ஆடவர் மட்டும் உண்ணும் மண்டபமொன்றும் அக்கல்லூரியில் இருந்தது. பாரிஸை விட்டு வந்தவருக்கு அது எத்தகைய மாற்றம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

டி.என்.ஏ. என்பது ஒவ்வொரு கலத்தின் கருவினுள்ளும் இருக்கும் நீண்ட நூலிழை. பெற்றோரின் இயல்பைப் பிள்ளைக்குக் கொண்டு செல்வது அதுவே என்பதை அமெரிக்காவில் ஒஸ்வால்ட் ஏவரியும் துணைவரும் 1944இற் காட்டியிருந்தனர். ஆனால் அதன் வடிவம் யாது? வடிவத்தை அறியாது தொழிலை அறிதல் எவ்வாறு? பேர்ண் நகரத்துப் பேராசிரியர் சிக்னர் மிகத் தூயதாகப் பிரித்தெடுத்துக் கொடுத்த டி.என்.ஏ. கிங்ஸ் கல்லூரியில் இருந்தது. அம்மையார் அதிலிருந்து மயிரிழையினும் மெல்லிய நாரை இழுத்து, அது இருக்குஞ் சூழலின் ஈரப்பதனைச் சிறிது சிறிதாகக் கூட்டியுங் குறைத்தும் பார்த்தார். கரியின் நுண்டுளைகளோடு பழகிய கை அல்லவா? ஈரம் குறைந்தபோது ஒரு வடிவம், ஈரம் மிகுந்தபோது நீண்டு மெலிந்த வேறொரு வடிவம் என அதற்கு இருநிலை உண்டென்பது அப்போது தெளிவாயிற்று. அதற்குமுன் எடுத்த படங்கள் இரண்டும் கலந்த கலவையாயிருந்தமையாலேயே குழம்பிக் கிடந்தன. ஓர் ஏட்டில் இருவர் எழுத்துக் கலந்திருப்பதைப் பிரித்துணர்ந்தால் அன்றோ பாடம் தெளியும்? முதல் வடிவத்துக்கு ஏ என்றும் மற்றையதற்குப் பி என்றும் பெயரிட்டனர்.

1952 மே மாதத்தில், 60 மணிநேரத்துக்கு மேலாகக் கதிரைப் பாய்ச்சி, பி வடிவத்தின் படமொன்றை அம்மையாரின் வழிகாட்டலிற் கொஸ்லிங் எடுத்தார். ஐம்பத்தோராம் படம் என உலகு இன்று அறிவது அதனையே. கருநிறப் புள்ளிகள் பெருக்கற் குறிபோல் அமைந்த அப்படம் பார்வைக்கு எளியது. பழகிய கண்ணுக்கோ அது பல செய்தி சொல்லும். பெருக்கற் குறி தோன்றினாற் பொருள் சுருளியாய் முறுக்குண்டது என்பது கணிதத்தாற் பெறப்படும். புள்ளிகளின் இடைவெளியிலிருந்து ஒரு முறுக்கின் நீளம் 34 அங்சுதுரோம் என்பதும், படிகள் 3.4 அங்சுதுரோம் இடைவெளியில் அடுக்கப்பட்டவை என்பதும் பெறப்படும். அங்சுதுரோம் என்பது ஒரு மீற்றரை ஆயிரங்கோடியாகப் பகுத்ததில் ஒரு கூறு.

இத்தகைய படத்தைப் பெற்றவர் அதனை ஒருபுறம் வைத்துவிட்டு ஏ வடிவத்திலேயே மாதக்கணக்கில் உழைத்தார் என்றால் வாசகர் திகைப்பர். பூசலைத் தவிர்க்க ஏ வடிவம் அம்மையாருக்கும் பி வடிவம் வில்கின்ஸுக்கும் என்று பங்கிட்டிருந்தனர் என்பது ஒரு காரணம். ஏ வடிவத்தின் படங்களிற் புள்ளிகள் மிகப் பல. ஊகமின்றிக் கணக்கினாலேயே அமைப்பை நிறுவலாம் என அவர் நம்பியது மற்றொரு காரணம். அப்படங்களைக் கண்டு ஏ வடிவம் சுருளியன்று என்றும் எண்ணத் தலைப்பட்டார். 1952 யூலையிற் சுருளி இறந்துபட்டதாக மரண அறிவித்தலொன்றை விளையாட்டாக எழுதியும் காட்டினார். பின்னர் அது பிழையெனக் கண்டு திருந்தினார். அவரைத் தெய்வமாக்கி எழுதுவோர் இதனை மறைப்பர். இகழ்வோர் இதனை மட்டுமே சொல்வர். என் கருத்தில், ஊகத்தை நம்பாத ஒழுக்கம் அவர் பலமாயிருந்தது போலவே அவ்வாண்டில் அவருக்குத் தடையாயும் இருந்தது.

கேம்பிரிட்ஜிலே ஜேம்ஸ் வாட்சன், பிரான்சிஸ் கிறிக் என்னும் இருவர் தம் கையாற் சோதனை செய்யாது, பிறர் கண்ட அளவுகளைக் கொண்டு கம்பியாலும் தகட்டாலும் உருவமைத்துப் பார்க்கும் வழியைக் கொண்டிருந்தனர். 1951 நவம்பரில் அம்மையார் ஆற்றிய உரையைக் கேட்க வந்த வாட்சன் குறிப்பெடாது கேட்டு, எண்களைத் தவறாக நினைவில் வைத்தார். அதன்மேற் கட்டிய மூவிழை உருவைக் காண அழைக்கப்பட்ட அம்மையார், பொசுபேற்றுக்கள் நீரை நாடுவன ஆதலின் அவை உள்ளே அல்ல, வெளியே இருத்தல் வேண்டும் என்று கண்டமாத்திரத்தே மறுத்துரைத்தார். அவ்வுரு அன்றே கலைந்தது. 1953 சனவரியில் நிலைமை வேறு. அம்மையார் கிங்ஸ் கல்லூரியை விட்டு நீங்க ஆயத்தமானார். கொஸ்லிங் மீண்டும் வில்கின்ஸின் மாணவரானார். ஐம்பத்தோராம் படமும் வில்கின்ஸ் கைக்கு வந்தது. அம்மாதம் 30ஆந் திகதி அவர் அதனை வாட்சனுக்குக் காட்டினார். எடுத்த அம்மையாரைக் கேட்கவில்லை. மருத்துவ ஆராய்ச்சிச் சபைக்கு அம்மையார் கொடுத்த அளவுகள் அடங்கிய அறிக்கையொன்றும், சபைக் குழுவில் அங்கத்தவராயிருந்த மாக்ஸ் பெறுற்ஸ் வாயிலாக, பெப்ரவரியிற் கிறிக்கின் கைக்குப் போயிற்று. இரகசிய முத்திரை குத்தப்பட்ட ஆவணமன்று அது. ஆயினும் அச்சுக்கென எழுதியதுமன்று. அதிற் கண்ட பளிங்குச் சமச்சீரைக் கொண்டு, இழைகள் இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுவன என்பதைக் கிறிக் உணர்ந்தார். பெப்ரவரி 28ஆந் திகதி இரட்டைச் சுருளி உருவாயிற்று.

அவ்விருவரின் பங்கை யான் குறைத்துக் கூற விரும்பவில்லை. ஏணிப்படிகளாக அடினின் தைமினோடும் குவானின் சைற்றோசினோடும் இணையும் என்னும் நுட்பத்தைக் கண்டவர் வாட்சனே. அம்மையாரும் பி வடிவம் ஈரிழைச் சுருளி என்பதை மார்ச் மாதத்திலே தாமாக எழுதி வைத்திருந்தார். அந்த எழுத்துப்படி பின்னாளிற் கிடைத்தது. ஆயினும் இணைகளின் நுட்பத்தை அவர் எட்டியிருக்கவில்லை. எனது முறைப்பாடு வேறு. 1953 ஏப்ரில் 25ஆந் திகதி நேச்சர் சஞ்சிகையில் மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்து வெளியாயின. முதலாவது வாட்சன், கிறிக் எழுதியது. அம்மையாரும் கொஸ்லிங்கும் எழுதியது மூன்றாவது. படித்தோர் யாவரும், முதலிருவர் கண்டதை மூன்றாவது கட்டுரை உறுதிப்படுத்துகின்றது என்றே கொண்டனர். உண்மையில் மூலம் இது, உரை அது. மூலத்தை உரைக்குப் பின்னே அச்சிட்டு, மூலகாரர் உரைகாரரை வழிமொழிந்தார் என்று தோன்றச் செய்தால் பதிப்புலகம் பொறுக்குமா?

அம்மையார் இதனைச் சொல்லிப் புலம்பித் திரிந்தவர் அல்லர். 1953 மார்ச்சிலே பேர்க்பெக் கல்லூரியில் பேணல் என்னும் பேரறிஞரின் கீழ்ப் பணிக்குச் சேர்ந்தார். டி.என்.ஏ. ஆராய்ச்சியை விட்டுவிட வேண்டும் என்பது றண்டால் கேட்டுக்கொண்டது. பழைய வீடொன்றே ஆய்வுகூடம்; அம்மையாரின் அறை மேல்மாடியில், கருவி நிலவறையில். அங்கு அவர் செய்தவற்றைப் பலரும் அறியார். இச்சரிதத்தின் சிறந்த பகுதி அதுவென்பது என் துணிபு.

அவர் எடுத்துக்கொண்டது புகையிலைச் செடியின் இலையிற் புள்ளி நோய் உண்டாக்கும் வைரசு. அது ஒரு நுண்கோல். வெளியே புரதம், உள்ளே ஆர்.என்.ஏ. என்னும் இழை. டி.என்.ஏ.யின் உறவு அது. தைமினுக்குப் பதிலாக யுராசிலை உடையது. கலத்தில் டி.என்.ஏ. கருவை விட்டு வெளியே வருவதில்லை. பண்டாரத்தில் பூட்டி வைத்த மூலச்சுவடி போல அது உள்ளேயே இருக்கும். வேண்டிய பகுதிக்கு மட்டும் ஆர்.என்.ஏ. எழுத்தில் ஒரு படி எடுக்கப்பட்டு வெளியே அனுப்பப்படும். அங்கே இறைபோசோம் என்னும் நுண்பொறி அப்படியைப் பற்றி மும்மூன்று எழுத்தாகப் படிக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் உரிய அமினோவமிலத்தை வேறொருவகைச் சிற்றார்.என்.ஏ. சுமந்து வந்து கொடுக்கும். ஒன்றோடொன்று கோத்த அமினோவமில மாலை, முடிவுச்சொல் வந்தவுடன் அறுந்து விடுபட்டு மடிந்து புரதமாகும். அமினோவமிலம் இருபது வகையே. தசையும் குருதியின் செந்நிறமும் உணவைச் செரிப்பிக்கும் நொதியமும் அவ்விருபதின் கோவை வேறுபாட்டால் அமைந்தவை. இவையெல்லாம் இன்று பாடநூலிற் காண்பன. 1954இல் இவற்றுட் பெரும்பாலன ஒருவர்க்கும் தெரியா. ஆர்.என்.ஏ.க்கும் புரதத்துக்கும் உள்ள தொடர்பு யாது என்பதே வினா. அவ்விரண்டையும் தவிர வேறொன்றும் இல்லாத எளிய பொருளை அம்மையார் தேர்ந்தெடுத்தமை அவர் மதிநுட்பத்துக்குச் சான்று.

ஆரன் குளூக், கென்னத் கோம்ஸ், யோன் பிஞ்ச் ஆகிய இளைஞர் மூவரோடு அவர் அக்கோலைப் படித்தார். முழு வைரசின் படத்தையும், ஆர்.என்.ஏ. நீக்கப்பட்ட வெறும் புரதக்கோலின் படத்தையும் ஒப்புநோக்கி, எங்கே வேறுபடுகின்றன என்று கணக்கிட்டார். ஆர்.என்.ஏ. கோலின் நடுவிலே இல்லை. நடுப்பகுதி வெறும் துளை. மையத்திலிருந்து 40 அங்சுதுரோம் தூரத்தில், புரதக் கூறுகளினிடையே புதைந்து அது சுருண்டு செல்கின்றது என 1956இற் கண்டார். மூன்று சுற்றுக்கு 49 புரதக் கூறு. ஏறக்குறைய 2,130 கூறுகள் ஒரு கோலில் உண்டு. அத்தனையும் ஒரே அச்சில் வார்த்தவை. வைரசுக் கோல்கள் யாவும் ஒரே நீளமுடையன என அவர் எழுதியது, அத்துறையிற் செல்வாக்குடையார் ஒருவர்க்குச் சினமூட்டியது. பணம் வழங்கிய சபையோடும் ஓயாத இழுபறி. எனினும் ஈராண்டுக்குள் உலகிலேயே அத்துறைக்கு முதன்மையான கூட்டம் அதுவெனப் பெயர் வந்தது. கிங்ஸ் கல்லூரியிற் கடுமுகத்தவர் எனப்பட்டவர் இங்கே மாணவரின் சம்பளத்துக்காக மேலதிகாரிகளோடு வழக்காடுபவரானார். வாட்சனோடு கடிதத் தொடர்பு கொண்டார். கிறிக் குடும்பத்தாரோடு நட்புப் பூண்டார்.

1956இல் அமெரிக்கா சென்றிருந்தபோது வயிற்றில் நோய் தோன்றியது. சூலகத்திற் புற்றுநோய். இலண்டனில் இருமுறை சத்திரசிகிச்சை நடந்தது. இடையிற் சில காலம் கேம்பிரிட்ஜிலே கிறிக்கின் வீட்டில் தங்கி உடல் தேறினார். தமக்கு வந்த நோய் யாதென அவர்களுக்கு விரித்துரைத்தாரல்லர். மீண்டும் ஆய்வுகூடம், மீண்டும் மாடிப்படி. இளம்பிள்ளைவாத வைரசை ஆராயவுந் தொடங்கினார். பிரசெல்ஸ் நகரத்து உலகப் பொருட்காட்சிக்குப் புகையிலை வைரசின் பேருருவம் ஒன்றை அமைத்துத் தருமாறு அவரைக் கேட்டிருந்தனர், அதையும் முடித்தார். 1958 ஏப்ரில் 16ஆந் திகதி உயிர் பிரிந்தது. வயது 37. பொருட்காட்சி திறக்கப்பட்டது மறுநாள். தமது பொருளில் 3,000 பவுணும் மோட்டார்க் காரும் குளூக்குக்கு எழுதி வைத்திருந்தார்.

அவர் கண்மூடி மூன்று ஆண்டு கழிந்தபின் கதவு திறந்தது. 1961இல் அமெரிக்காவில் நிறென்பேர்க், மத்தையி என்னும் இருவர், யுராசில் மட்டுமே கொண்ட செயற்கை ஆர்.என்.ஏ.யைக் கலச்சாற்றில் இட்டு, பீனைலலனின் என்னும் அமினோவமிலம் மாத்திரம் கோத்த மாலை உண்டாதலைக் கண்டனர். அகராதியின் முதற்சொல் அது. அச்சோதனைகளில் அவர்கள் பயன்படுத்திய இயற்கை ஆர்.என்.ஏ.க்களுள் ஒன்று அம்மையாரின் புகையிலை வைரசினுடையது. அவ்வைரசின் புரதக்கூறு 158 அமினோவமிலங்களால் ஆனது என்பது 1960இலே வரிசையாக அறியப்பட்டிருந்தது. அதில் உண்டான பிறழ்வுகளும் அகராதியைச் சரிபார்க்க உதவின. 1966இல் 64 சொற்களுக்கும் பொருள் முடிந்தது.

1962இல் வாட்சன், கிறிக், வில்கின்ஸ் மூவர்க்கும் நொபெல் பரிசு வழங்கப்பட்டது. இறந்தோர்க்கு அப்பரிசில்லை, ஆகவே பரிசைப் பறித்தனர் என்பது சரியன்று. சரியல்லாதது 1968இல் வந்தது. வாட்சன் எழுதிய நூலில், அம்மையார் உடையிலும் ஒப்பனையிலும் அக்கறையற்ற, சிடுசிடுத்த பெண்ணாக, உயிரோடிருக்கையில் அவரை எவரும் அழைத்தறியாத செல்லப்பெயரால் நடமாடினார். மறுத்துரைக்க அவர் இல்லை. 1975இல் அவர் தோழி ஆன் சேயர் எழுதிய சரிதமும், 2002இற் பிறெண்டா மடொக்ஸ் எழுதிய விரிவான சரிதமும் கணக்கை ஓரளவு நேராக்கின. 2023இல் வரலாற்றாசிரியர் இருவர் பழைய ஆவணங்களை ஆராய்ந்து, படமொன்றை ஏமாந்து இழந்தவராக அவரைச் சித்திரிப்பதும் பிழையே. நால்வர் சேர்ந்து கண்டதில் அவர் சமபங்காளர் என்று எழுதினர். இரங்கத்தக்கவராக்குவதும் ஒருவகை இழிவுதானே.

வைரசு ஆராய்ச்சியைத் தொடர்ந்த குளூக் 1982இல் நொபெல் பரிசு பெற்றார். ஏட்டைப் படிக்கும் இறைபோசோமின் வடிவத்தையும் பின்வந்தோர் அதே எக்ஸ் கதிர்க் கலையாலேயே 2000ஆம் ஆண்டளவிற் கண்டனர். அதற்காக 2009இற் பரிசு பெற்ற மூவருள் வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் ஒருவர். ஐம்பத்தோராம் படம் எடுக்கப்பட்ட 1952ஆம் ஆண்டிலேயே சிதம்பரத்திற் பிறந்தவர்.

இலண்டனில் வில்லெஸ்டன் யூத மயானத்தில் அம்மையாரின் சமாதி உளது. கல்லில் அவர் விஞ்ஞானி என்றும், வைரசுக்களைப் பற்றி அவர் செய்த ஆராய்ச்சி மனித குலத்துக்கு நிலைத்த நன்மையாய் இருக்கும் என்றும் பொறித்துள்ளனர். டி.என்.ஏ. என்ற சொல் அதில் இல்லை.